பாட்டி கேட்ட கேள்வி: அந்தக் காகிதமெல்லாம் எங்கடா?

ஊருக்குப் போயிருந்தப்போ எங்க பாட்டி ஒண்ணு கேட்டாங்க. "வாத்தியாருங்க வீடு வீடா வந்து பேரு, வயசு எல்லாம் எழுதிட்டுப் போவாங்களே, அந்தக் காகிதமெல்லாம் எங்கடா இருக்கும்? அதுல எங்க தாத்தா பேரு இருக்குமா, அவரு தம்பி பேரு இருக்குமா?"

பாட்டி பிறந்தது ஆரணி பக்கம், அந்தக் கால வட ஆற்காடு. வயசு 84ன்னு சொல்றோம், ஆனா ஆதார்ல பிறந்த நாள் ஜனவரி 1ன்னு இருக்கு. அதை வச்சு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அவங்க தாத்தாவோட தம்பி, முனுசாமி, நேட்டாலுக்குக் கப்பல் ஏறினவர். அப்புறம் ஒரு கடிதாசுகூட வரலை. பாட்டிக்கு அவர் கதை என்ன ஆச்சுன்னு தெரியணும்.

நான் சாஃப்ட்வேர் ஆள். எழுதினாங்கன்னா எங்கயோ டேட்டாபேஸ் இருக்கும், தேடினா பத்து நிமிஷத்துல கிடைச்சுடும்னு நினைச்சேன். மூணு வாரம் போச்சு.

முதல்ல தெரிஞ்சுக்கிட்டது, சென்சஸ்ல நம்ம பேரை எழுதுறாங்க, ஆனா அதை யாருக்கும் காட்ட மாட்டாங்க. 1948 சென்சஸ் சட்டத்தோட 15-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, சொத்து வழக்குல சாட்சியமா வைக்கவும் முடியாது. காரணம் நியாயமானதுதான். நாம சொல்றது நாளைக்கு நமக்கு எதிரா வரும்னு பயந்தா யார் உண்மையைச் சொல்லுவா? ஆனா அமெரிக்காவுல 72 வருஷம் கழிச்சு திறந்துடறாங்க, 1950 சென்சஸ் 2022 ஏப்ரல் 1 அன்னைக்கு வெளியாச்சு. இங்கிலாந்துல 100 வருஷம். நம்ம சட்டத்துல இத்தனை வருஷம் கழிச்சுத் திறக்கலாம்னு ஒரு வரிகூட இல்லை.

நமக்குக் கிடைக்கிறது அட்டவணைகள். 1951-லிருந்து மாவட்டத்துக்கு ஒரு சென்சஸ் கையேடு போட்டிருக்காங்க, ஸ்கேன் பண்ணது சென்சஸ் துறையோட இணையதளத்துல இருக்கு. கிராமத்துக்கு ஒரு வரி: எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர். பாட்டி ஊரோட வரியைக் கண்டுபிடிச்சு போன்ல பெருசாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுல நான் யாரு?"ன்னு கேட்டாங்க. பெண்கள் கட்டத்துல இருக்கிற எண்ணிக்கையில நீங்களும் ஒருத்தர்னு சொன்னேன். அவங்களுக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

சரி, பேர்தான் கிடைக்காது, எண்ணிக்கையாவது சரியா இருக்கான்னு பார்த்தேன். இங்கதான் நம்ம தலைமுறைக்கு ஒரு சிக்கல். கடைசியா நம்மளை எண்ணினது 2011-ல, அப்போ 121 கோடி. 2021-ல எடுக்க வேண்டியது தள்ளிப்போச்சு. 2023-ல சீனாவைத் தாண்டிட்டோம்னு ஐ.நா. கணிப்பை வச்சு செய்தி வந்துச்சே, அது யாரும் எண்ணிச் சொன்னதில்லை, மதிப்பீடு. பேங்க் பாஸ்புக் மாதிரி நினைச்சுக்கோங்க. 2011 எண்தான் ஓப்பனிங் பேலன்ஸ். பிறப்பைக் கூட்டு, இறப்பைக் கழி, வந்தவங்களைக் கூட்டு, போனவங்களைக் கழி. பிறப்பு, இறப்பு விகிதத்துக்கு மாதிரிப் பதிவுத் திட்டம்னு தொடர்ந்து நடக்கிற ஒரு பெரிய கணக்கெடுப்பு இருக்கு. அதனால நாடு முழுக்கன்னு பார்த்தா மதிப்பீடு பெருசா தப்பாது. ஒரு தாலுக்கா, ஒரு வார்டுன்னு கீழ இறங்க இறங்கத்தான் ஆட்டம் காணும். காட்பாடியிலிருந்து ஓ.எம்.ஆர். வந்து மூணு வருஷம் பி.ஜி.யில இருந்துட்டு பெங்களூரு போன ஆளை எந்தப் பாஸ்புக்ல எழுதுறது?

ஓப்பனிங் பேலன்ஸே முழுசு கிடையாது. 2011 சென்சஸ் முடிஞ்சதும் சரிபார்ப்பு சர்வே ஒண்ணு நடத்தினாங்க. ஆயிரத்துக்கு 23 பேர் விட்டுப்போயிருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சுது. எல்லையும் மாறும். சென்னை மாவட்டம் 2011 சென்சஸ்ல 46 லட்சம். அதே வருஷக் கடைசியில அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆச்சு. அதே சென்சஸை இந்த எல்லைக்குள்ள கூட்டினா சுமார் 67 லட்சம். ஒரு குழந்தைகூடப் புதுசா பிறக்கலை!

இதனால என்னன்னு கேட்டா, ரேஷன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்துல 75 சதவீதம், நகரத்துல 50 சதவீதம் பேர் வரைக்கும்னு சொல்லுது. எத்தனை பேர்ங்கிறதுக்குச் சென்சஸ்தான் அடிப்படை. அதனால 2011 எண்ணை வச்சு நாடு முழுக்க சுமார் 81 கோடின்னு உச்சவரம்பு போட்டாங்க. அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அந்தக் கணக்குல இடமே இல்லை. எங்க ஆபீஸ்ல கேஷ் ரெண்டு மணி நேரம் ரெஃப்ரெஷ் ஆகலைன்னாலே ராத்திரி எழுப்பிடுவாங்க. அடுத்த கணக்குக்கான தேதி 2027 மார்ச் 1.

மறுபடி பேருக்கு வரேன். சென்சஸ்ல எழுதின பேரைத் தேடின மக்கள் இந்தியாவுலயே இருக்காங்க, அஸ்ஸாம்ல. 1951 சென்சஸ் சீட்டுகளை வச்சு தேசிய குடிமக்கள் பதிவேடுன்னு ஒண்ணு தயாரிச்சாங்க. அஸ்ஸாம்ல அதைப் புதுப்பிச்சப்போ, 1951 பதிவேட்டுலயோ 1971 மார்ச் 24 வரைக்குமான வாக்காளர் பட்டியல் மாதிரி ஆவணங்கள்லயோ தாத்தா பேர் இருக்குன்னு காட்டணும், அவருக்கு நாம பேரன்தான்னும் காட்டணும். குமாஸ்தா ஒரு எழுத்து மாத்தி எழுதியிருந்தாலே அலைய வேண்டியதுதான். 2019 ஆகஸ்ட் 31 அன்னைக்கு வந்த கடைசிப் பட்டியல்ல 19 லட்சம் பேர் இல்லை. இதைப் படிச்சதுக்கப்புறம் 15-வது பிரிவு மேல எனக்கு இருந்த கோபம் பாதி குறைஞ்சிடுச்சு. மீதிப் பாதி இன்னும் இருக்கு. 72 வருஷமோ 100 வருஷமோ, ஒரு கெடு வைக்கலாம்.

அப்புறம்தான் நேட்டால். அது இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவுல குவாசுலு-நேட்டால் மாகாணம். 1860 நவம்பர்ல ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்லிருந்து டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளா கொண்டுபோனாங்க, அதுல பெரும்பாலானவங்க மெட்ராஸ் வழியா போனவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி எழுதினாங்க: எண், பேர், அப்பா பேர், வயசு, சாதி, மாவட்டம், தாலுக்கா, கிராமம், உயரம், உடம்புல இருக்கிற அடையாளம். ஓடிப்போனா பிடிக்கிறதுக்குத்தான் இவ்வளவும். அன்பு ஒண்ணும் கிடையாது. ஆனா இன்னைக்கு அந்தப் பட்டியலைத் தேட முடியுது. ஊர்லயே உழுதுட்டு இருந்த அண்ணனுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை, கப்பல் ஏறின தம்பிக்கு மச்சம் வரைக்கும் எழுதி வச்சிருக்கு.

தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. நாம எழுதுற மாதிரி தேடாதீங்க. காதுல விழுந்ததை வெள்ளைக்காரன் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல எழுதினது அது. முனுசாமி அங்க 'மூன்சாமி', இன்னைக்கும் டர்பன்ல அது குடும்பப் பேரு. அதனால பேரை விட்டுட்டு மாவட்டம், அப்பா பேர்னு வடிகட்டுங்க.

அப்படித் தேடினதுல ரெண்டு பேர் மிஞ்சினாங்க. ஒருத்தருக்கு அப்பா பேர் பொருந்துது, கிராமத்தோட பேர் படிக்க முடியாத மாதிரி இருக்கு, அடையாளக் கட்டம் காலி. பாட்டிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "எங்க ஆயா சொல்லுவா, அவருக்கு நெத்தியில வெட்டுத் தழும்பு இருந்துச்சாம்"னாங்க. இத்தனை நாள் அதைச் சொல்லவே இல்லை! ரெண்டாவது முனுசாமியைத் திறந்து பார்த்தேன். நெத்தியில தழும்புன்னு இருக்கு. ஆனா அப்பா பேர் வேற.

பாட்டி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ரெண்டு பேரையும் எழுதி வைடா, நம்பரோட"ன்னாங்க. எழுதி வச்சிருக்கேன். அடுத்து, அந்த ரெண்டு எண்களும் எந்தத் தோட்டத்துக்குப் போச்சுன்னு பார்க்கணும்.