வன்தட்டும் ஆசிரியர் கடமையும்

நம் ஆசிரியர் பலருடைய இல்லங்களில் பழைய கணினிகள் இன்றும் உழைத்து வருகின்றன. பாடக் குறிப்புகளும் மாணவர் கட்டுரைகளும் அவற்றின் வன்தட்டில் உறைகின்றன. அத்தட்டு பழுதுற்றால் முதற்கண் செய்யத்தக்கது யாது?

தட்டின் இயல்பை முன்னர் அறிதல் வேண்டும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. இல்லக் கணினியிலுள்ளதோ கையில் அடங்குவது. பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது. எழுதிப் படிக்கும் முனை, மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கின்றது. முனை உராயின் பதிவு அழியும்.

ஆகலின் செவியே முதற்கருவி. 'டக், டக்' என்னும் ஓசை விடாது கேட்பின் முனை பழுதுற்றதென ஐயுற்று, உடனே மின்சாரத்தை நிறுத்துக. மூடியைத் திறவற்க; தூசு ஒன்றே கேடு செய்யும். மீட்புப் பணி அறிந்தாரிடம் ஒப்படைத்தலே நன்று.

ஓசையுமின்றிச் சுழற்சியுமின்றி இருப்பின், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிகளைக் கழற்றிச் செருகிப் பார்க்க. சுழன்றும் கணினி அதனை அறியாதாயின், நாடாக் கம்பியையும் ஜம்பர் என்னும் சிறு செருகியையும் நோக்குக. கணினி நாளும் நேரமும் தவறிக் காட்டினால், தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். பழைய கணினிகளில் இதனாலும் குற்றமற்ற தட்டு காணப்படாது போவதுண்டு.

தட்டு இயங்குமாயின், முதலில் வேறொரு தட்டிற்குப் படியெடுக்க. யான் இம்முறையை மாற்றினேன். படியெடாது திருத்தும் கட்டளையை இட்டேன். இரவெல்லாம் உழைத்த தட்டு விடியலில் அடங்கிற்று. ஏழாண்டு மாணவர் கட்டுரைகள் அதனோடு போயின. தட்டு கடையிற் கிடைக்கும். பிள்ளைகளின் எழுத்துக் கிடைக்குமோ? படியெடுத்தல் முந்துக, பழுதுபார்த்தல் பிந்துக.