கரைவலைக்கு வேண்டியது கரை

புதுச்சேரி கடற்கரைச் சாலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கருங்கல் குவியல்தான். தலைமைச் செயலகத்துக்கு எதிரே அண்மையில் திரும்பியிருக்கும் மணலைப் பார்த்து மகிழ்கிறவர்கள் பலருக்கு, 1980-களின் நடுப்பகுதிவரை குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வடக்கே மணல்வெளி நீண்டு கிடந்தது தெரியாது. அந்த மணலில்தான் கரைவலை இழுத்தார்கள்.

படவு என்கிற பெரிய தோணி அதற்கென்றே இருந்தது. ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கொடுத்துவிட்டுப் படவு உள்ளே போகும். அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே வந்து, மறுமுனையோடு சற்றுத் தள்ளிக் கரையேறும். அதன்பிறகு இரண்டு வரிசையாக இழுப்பு. இடுப்பில் கட்டிய சிறு கயிற்றை வலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பின்னால் நடப்பார்கள். மேட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய், தண்ணீரோரம் மறுபடி மாட்டிக்கொள்வார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் மடி வரும். நெத்திலி, காரப்பொடி, கவலை, சில நாள் வாளை. ஒன்றுமில்லாமல் இழுதுமீனாக வந்த நாட்களும் உண்டு.

பிள்ளைகள் நாங்கள் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொள்வோம். எங்கள் பலம் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் போகும்போது ஆளுக்கொரு கை நெத்திலி கிடைக்கும்; யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். வலையில்லாத நேரத்தில் தூண்டில். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கிழங்கானுக்கு இரை தேடச் சொல்லிக்கொடுத்தார். "அலை இறங்குறப்ப மணலு துடிக்கும் பாரு தம்பி, அங்க கைய விடு" என்பார். விட்டால், பின்பக்கமாகவே மணலுக்குள் புதைந்து போகும் எலிப்பூச்சி உள்ளங்கையில் குறுகுறுக்கும்.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள் நீண்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக் காலத்தில் மட்டும் சில மாதம் திரும்பும். வடக்கே போக வேண்டிய மணலைச் சுவர் மறித்தது. தெற்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய ஊர் தப்பித்தது. அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. இப்படியே அது புதுச்சேரி எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுக் குப்பங்கள்வரை போய்விட்டது.

இது புதிதாகக் கண்டறிய வேண்டிய பாடமும் இல்லை. சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதையும் ராயபுரம் கரையை இழந்ததையும் ஒரு நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கல் கொட்டினால் வீடுகள் நிற்கும், உண்மை. கடலோரத்தில் வீட்டை இழந்தவர்களிடம் போய்க் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கல்மேல் வலை இழுக்க முடியாது. பின்னால் நடந்துபோக இடம் வேண்டும், வலை கிழியாத அடித்தரை வேண்டும். ஆழ்கடலுக்குப் போக உடம்பு ஒத்துழைக்காத முதியவர்களுக்கும், சொந்தப் படகு இல்லாதவர்களுக்கும் பங்கு கொடுத்த தொழில் அது. விசைப்படகுக்குத் துறைமுகம் கிடைத்தது. இவர்களுக்கு இருந்த இடமும் போனது.

தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் இரும்பால் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அதன்பிறகுதான் நகரத்தின் முன்னே மணல் சேர்ந்தது. மக்கள் மாலையில் அங்கே கால் நனைக்கிறார்கள். எனக்கும் அது சந்தோஷம்தான். அதே அக்கறை வைத்திக்குப்பத்துக்கும் சோலைநகருக்கும் வர வேண்டும். முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கரையோரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில் கொட்டினால் நிற்கும் என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு, அந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் சிலரையாவது அழைக்க வேண்டும். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.