மலைநாட்டு வெந்நீர்த் தொட்டியும் மேனிக் கொப்புளமும்

கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசு அளவினதே. தை, மாசி மாதங்களின் விடியற்காலைகளிற் சிலபோது புல்லின்மீது உறைபனி படியக் காணலாம். சித்திரை வசந்த காலத்திலே கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே செல்லும் எம் பழைய மாணவர் பலராவர். முன்னாளில் தோட்டத்துத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. நுவரெலியாவிலும் அட்டன் பக்கத்திலும் அத்தகைய விடுதிகளுட் சில, வெந்நீர் சுழன்று குமிழியிடும் தொட்டியையும் வைத்திருக்கின்றன. குளிர்ந்த மாலைப்பொழுதில் அதனுள் அமர்ந்து தேயிலை மலைகளை நோக்கியிருத்தல் இன்பமே. அதனை மறுப்பார் யார்? ஆயினும் பேணப்படாத தொட்டி, அவ்வின்பத்தோடு மேனிக் கொப்புளங்களையும் தந்துவிடும். அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இங்கே ஆராய்வோம்.

இத்தொட்டி மிகப் பழையதொன்றன்று. இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறி நீரிறைக்கும் பொறிகள் செய்துவந்த ஜக்கூசி சகோதரருள் ஒருவர், மூட்டுவாதத்தால் வருந்திய தம் மைந்தனுக்காக ஒரு சுழல்நீர்ப் பொறியை ஆக்குவித்தார். அது 1956இல் விற்பனைக்கு வந்தது. பொறியும் தொட்டியும் ஒன்றாயமைந்த வடிவம் 1968இல் தோன்றியது. அக்குடும்பத்தின் பெயரே பின்னர் எல்லாத் தொட்டிகளுக்கும் ஆகுபெயராயிற்று. நோயாளிக்கென எழுந்த சாதனம் உல்லாசப் பொருளாகி விடுதிகளிற் புகுந்தபோது நோயும் உடன் புகுந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து விடுதி ஒன்றின் சுழல்நீர்த் தொட்டியிற் குளித்தோரிடையே தோன்றிய கொப்புள நோய்பற்றி 1975இல் மருத்துவ உலகு முதன்முதலாக அறிந்தது.

நோய்க்குக் காரணமான பற்றீரியாவின் பெயர் சூடோமோனாசு ஏருஜினோசா என்பதாகும். 1882இல் பிரெஞ்சு மருந்தாளர் கெசார் என்பார், புண் கட்டிய துணிகளில் நீலமும் பச்சையுமாகக் கறைபடிந்திருந்ததை ஆராய்ந்து இதனைப் பிரித்தெடுத்தார். பெயரின் பிற்பகுதி செப்புக் களிம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. மண்ணிலும் நீரிலும் எங்கும் வாழும் இக்கிருமி, நல்ல தோலையுடையாரை எளிதிலே தீண்டுவதில்லை. வெந்நீரில் நெடுநேரம் ஊறிய தோல் மென்மையுற்று மயிர்க்கால்கள் நெகிழும்போதோ வழி திறந்துவிடுகின்றது. குளித்த சில மணிநேரம் முதல் ஐந்து நாள்வரையில், பெரும்பாலும் இரண்டாம் நாளில், அரிப்பும் செந்நிறத் தடிப்பும் தோன்றும். சிலவற்றின் நுனியிற் சீழ் கட்டும். நீரை உறிஞ்சிய ஆடை ஒட்டியிருந்த இடங்களிலே, இடுப்பிலும் பிட்டத்திலும், இவை மிகுந்திருத்தல் இந்நோயின் சிறந்த அடையாளம். மருத்துவர் இதனை மயிர்க்கால் அழற்சி என்பர். ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் மருந்தின்றியே தணிந்துவிடும். காய்ச்சல் கண்டவரும், நீரிழிவுடையோரும், உடலின் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் வைத்தியரை நாடவேண்டும். (வெள்ளிவிழாக் கொண்டாடும் வயதினராகிய எம்முள் நீரிழிவுடையோர் சிலரல்லர்.)

நீரிற் குளோரீன் இட்டால் கிருமி சாகுமன்றோ எனலாம். சாகும், குளோரீன் அங்கே நிலைத்திருந்தால். வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு லீற்றரில் 3 மில்லிகிராமுக்குக் குறையாத கட்டற்ற குளோரீன் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தாரின் விதி. தட்பநீச்சற் குளத்திலே பல மணிநேரம் நிற்கும் குளோரீன், சூட்டினாலும் குமிழிகளினாலும் இங்கே விரைந்து நீங்கிவிடும். மேலும், 1500 லீற்றர் கொண்ட தொட்டியில் நால்வர் அமர்ந்தால், அவர்தம் வியர்வையும் எண்ணெயும் தோற்செதிளும் அச்சிறு நீரிலேயே கரைகின்றன. அவை குளோரீனைத் தம்முடன் பிணைத்து வலுவிழக்கச் செய்வன. மழைக்காலத்தில் ஓடையிலிருந்து குழாய்வழி வரும் நீரில் இலைமக்கும் மண்ணும் கலந்திருந்தால் அவற்றின் செயலும் அதுவே. "குளோரீன் மணம் மூக்கைத் துளைக்கின்றது, ஆதலால் நீர் தூயது" என்று கருதுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. அழுக்கோடு பிணைந்த குளோரீனே அவ்வாறு நாறும். இவ்விடைவெளியிற் கிருமி வாளாவிருப்பதில்லை. குழாயின் உட்புறத்தும் வடிகட்டியிலும் வழவழப்பான படலமாகப் படிந்து, தன் மேற் போர்வையாலே குளோரீனைத் தடுத்துக்கொள்ளும். தொட்டியின் உட்சுவரைத் தடவியபோது விரல் வழுக்கினால் அப்படலம் அங்கே உளது என்று அறிக.

எம்மவரின் நீராட்டு முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். தோட்டத்துப் பீலியின் கீழ் நின்று குளிப்பவர்மீது விழுந்த நீர் ஓடையிற் போய்விடும். திருகோணமலைக்கு அணித்தான கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் எவரும் இறங்கிக் கிடப்பதில்லை. வாளியால் மொண்டு வார்க்கின்றனர். ஒருவர் மேனி தொட்ட நீர் மற்றவர் மேனிக்கு வாராமை இம்முறைகளின் சிறப்பு. சுழல்நீர்த் தொட்டியிலோ எல்லோரும் ஒரே நீரிற் கிடக்கின்றனர். நேற்று வந்தோர் கிடந்த நீரும் அதுவே.

நேற்றைய நீரை ஏன் மாற்றுவதில்லை? இவ்வினாவே மலைநாட்டில் முதன்மையானது. 1500 லீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 38 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 40 அலகு மின்சாரம் செலவாகும். மூன்று கிலோவாற்று வெப்பமாக்கி பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். அதே தொட்டிக்கு வேண்டிய குளோரீனோ நாலரைக் கிராம். அதாவது வெளிற்றுந் தூளில் ஏறக்குறைய 15 கிராம். அழுக்கு மிகுந்தால் அதனிற் சில மடங்கு வேண்டியிருக்கும். அப்போதும் அது மலிவானதே. எனவே விடுதியார் அஞ்சுவது மருந்துச் செலவுக்கன்று. காய்ச்சிய நீரைக் கொட்டுதற்கே அஞ்சுகின்றனர். கீழ்நாட்டு வெப்பத்திலே எளிதாய் மாற்றக்கூடிய நீர், குளிர்மலையிற் பொக்கிஷமாகின்றது. சித்திரைக் கூட்டத்தில் நாளுக்கு இருபதின்மர் அமரும் 1500 லீற்றர்த் தொட்டியை வாரம் ஒருமுறையேனும் முற்றாக வடித்தல் வேண்டும் என்பது தொட்டி பேணுவோர் கைக்கொள்ளும் கணக்கு.

தீங்கு தோலோடு நில்லாமலும் போகலாம். கனடாவின் எட்மன்டன் நகரில் 1998இல், சொரசொரப்பான தளமுடைய சிறுவர் குளமொன்றில் விளையாடிய 40 பிள்ளைகள் உள்ளங்கால் வீங்கி நடக்கவியலாது துன்புற்றனர், கிருமி அதுவே. ஒல்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் ஊரில் 1999ஆம் ஆண்டு மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்த சுழல்நீர்த் தொட்டியினின்று எழுந்த நுண்துளிகளை மூச்சிழுத்தோர் நுரையீரல் நோயுற்று, குறைந்தது 32 பேர் உயிர்நீத்தனர். அது இலெஜியொனெல்லா என்னும் வேறொரு கிருமியின் செயல். அவர்களுள் தொட்டியில் இறங்கினார் எவருமிலர். அதனைக் கடந்து நடந்தவரே மாண்டனர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டியுள்ளது. மலைநாடு சென்று மீண்ட குடும்பத்தார், மேனியிற் கொப்புளம் கண்டதும், "பங்களாவில் துவாய் துவைப்பவர் லயத்திலிருந்து வருபவர், அவரிடமிருந்து சிரங்கு தொற்றியிருக்கும்" என்று பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது பிழை மட்டுமன்று, அநியாயமுமாகும். நெருக்கமான லயங்களிற் சொறிசிரங்கு பரவுவது உண்மையே. அது தோலைத் துளைக்கும் சிற்றுண்ணியால் வருவது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்குவது. முன்னர் அந்நோய் காணாதவர்க்கு நான்கு முதல் ஆறு வாரம் கழிந்தே அரிப்பு வெளிப்படும். இரண்டாம் நாளிற் குளியலாடையின் கீழ் எழுந்த கொப்புளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொட்டிக் கொப்புளம் ஒருவர் மேனியிலிருந்து மற்றொருவர் மேனிக்குத் தொற்றுவதுமில்லை. ஒரே குடும்பத்தில் நால்வர்க்கு ஒருங்கே கண்டதெனின், நால்வரும் ஒரே நீரில் இருந்தமையே காரணம்.

ஆகவே இறங்குமுன் விடுதியாரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நன்று: நீர் என்று மாற்றப்பட்டது? குளோரீன் இன்று எத்தனை முறை அளக்கப்பட்டது? நிறம் மாறும் சோதனைத் தாளை நீரில் தோய்த்துப் பார்க்கச் சில நொடி போதும். குளோரீனோடு அமில கார அளவையும் அது காட்டும். அவ்வளவு 7.8ஐ மீறினால் குளோரீன் இருந்தும் அதன் வலிமை பெரிதும் குன்றும். தொட்டியை விட்டு எழுந்தவுடன் ஈர ஆடையைக் களைந்து சவர்க்காரமிட்டுக் குளித்தல் நன்றே. ஆயினும் மாசுற்ற நீரில் ஒரு மணிநேரம் கிடந்தவர்க்கு அது போதிய காப்பன்று.

தொட்டியைப் பேணுபவர் பெரும்பாலும் அத்தோட்டத்துப் பிள்ளைகளே. ஒரு வாளியையும் தூரிகையையும் கொடுத்து "கழுவு" என்பதே பல இடங்களில் அவர்கள் பெற்ற பயிற்சி. வெளிற்றுந் தூளை அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு எழும் என்பதைக்கூட அவர்களுக்கு எவரும் சொல்லி வைப்பதில்லை. கையுறை, சோதனைத் தாள், அளவுகளைக் குறித்துவைக்க ஒரு கொப்பி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். குளோரீன் குறைந்த நேரத்தில், விருந்தினர் சினந்தாலும், தொட்டியை மூடிவைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். மலைநாட்டு விடுதிகளுக்கு உரிமையாளராயும் முகாமையாளராயும் உள்ள எம் பழைய மாணவர் இவற்றைக் கொடுக்க வல்லவர்கள்.