சிறப்புக் குழந்தைகளுக்கு உதவப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பண்டிகை, பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்த கையோடு சில குழந்தைகள் ஒரே மாதிரியான தொந்தரவோடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள். காய்ச்சல், மூச்சு வாங்கல், நெஞ்சில் கரகரப்பு. “நேத்து ஸ்கூல்ல யாரோ வந்து பிறந்தநாள் கொண்டாடினாங்க டாக்டர். கேக்கும் பிரியாணியும் ஊட்டிவிட்டாங்களாம். ராத்திரியிலிருந்து இருமிக்கிட்டே இருக்கான்” என்பார் அம்மா. வயிற்றுக்குப் போக வேண்டிய உணவு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். சில நாட்கள் ஆக்ஸிஜன், ஆன்டிபயாடிக், அம்மாவுக்குக் கூலி இழப்பு.

ஊட்டியவர் அன்போடுதான் ஊட்டினார். கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் இன்று சிறப்புப் பள்ளிகளைத் தேடி வருகிறார்கள். மனதார வரவேற்கிறேன். அவர்கள் கையும் நேரமும் இந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று கற்றுக்கொண்டு வர வேண்டும். கற்றுக்கொள்ளாத அன்பு குழந்தையை மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

யார் இந்தக் குழந்தைகள்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொண்டு செய்ய வருபவர் அதிகம் சந்திப்பது மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு ஆகிய நான்கையும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கும். ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்வது பக்கத்து நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே, எதைச் செய்வதற்கு முன்னும் அந்தக் குழந்தையின் ஆசிரியரையோ அம்மாவையோ கேளுங்கள்.

தவறான நம்பிக்கைகள்

“ஆசையாகப் பார்க்கிறான், ஒரு வாய் கொடுத்தால் என்ன?”

மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக ஒத்துழைக்காது. சிலருக்கு வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் உணவு போகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள சில குழந்தைகளுக்கு கீட்டோஜெனிக் உணவுமுறை கொடுக்கிறோம். கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு, எல்லாமே எடை போட்டுத்தான் தட்டுக்கு வரும். ஒரு தாய் மாதக்கணக்கில் கண்ணும் கருத்துமாகக் காத்த அந்தக் கட்டுப்பாட்டை ஒரே ஒரு லட்டு கலைத்து, நின்றிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மிட்டாய், வேர்க்கடலை, திராட்சை எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

“வலிப்பு வந்தால் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும்”

இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். புகழ் சாவிக்குப் போய்விடுகிறது. சாவி தேடும் நேரத்தில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது, எச்சில் தொண்டையில் இறங்குகிறது. பல்லிடுக்கில் ஸ்பூனைத் திணித்து, பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தமாகத் தூக்கி வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தைச் சுற்றியிருக்கும் துணியைத் தளர்த்துங்கள். இடிபடக்கூடிய பொருட்களை நகர்த்துங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது, யார் அடிக்க வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“மாத்திரை போட்டுப் போட்டுத்தான் மந்தமாகிவிட்டான்”

இதைச் சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். களைத்துப்போன ஒரு தாயிடம் படித்தவர் ஒருவர் இப்படிச் சொன்னால் அவர் நம்பிவிடுவார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுக்க நேரலாம். சில மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தருவது உண்மை. அதற்காக அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வாட்ஸ்அப்பில் வந்த பத்தியம், ஆன்லைனில் வாங்கிய ஞாபகசக்தி லேகியம், லேபிள் இல்லாத பொடி எதையும் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஈயமும் பாதரசமும் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. வளரும் மூளைக்கு ஈயம் நஞ்சு.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்”

இந்த ஒரு வாக்கியம் வீணாக்கிய வருடங்களைக் கணக்கெடுக்க முடியாது. இரண்டு வயதில் வர வேண்டிய குழந்தை ஐந்து வயதில் வருகிறது. அதுவரை வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியிருப்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதே ஆபத்து. போட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். நாக்குக்கு அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று வெட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பேசாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது கேட்கிறதா என்பதை. அதைப் பார்க்காமலேயே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள்.

“எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கைகால் நிமிரும்”

மூளை முடக்குவாதத்தில் கைகால் இறுக்கத்துக்குக் காரணம் மூளையிலிருந்து வரும் கட்டளை. கைகாலை முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. நிற்காமலும் நடக்காமலும் வளர்ந்த குழந்தைகளின் எலும்பு வலுவிழந்திருக்கும். முரட்டுத்தனமாக நீவினால் தொடை எலும்பே முறிந்துவிடலாம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் கூடாது. எப்படித் தூக்குவது என்பதை இயன்முறை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பின் மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போடவைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடுங்கள், அது நுரையீரலுக்குப் போகும்.

“அடம் பிடிக்கிறான், ரெண்டு அடி போட்டால் சரியாகும்”

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் தாங்காது. பலூன் வெடிக்கும் சத்தம், எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாடும் பாட்டு, முகத்துக்கு நேரே கேமரா ஃபிளாஷ் எல்லாம் அவர்களுக்கு வேதனை. காதைப் பொத்திக்கொண்டு கத்துவதும், தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் அந்த வேதனையால்தான். அப்போது இறுகக் கட்டிப்பிடிக்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். சத்தத்தை நிறுத்தி, ஆசிரியரை அழைத்து, சற்று விலகி நில்லுங்கள்.

“தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வந்தது”

1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரை கிளப்பிய பயம் இது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன்பிறகும் இதைப் பரப்புபவர்கள், தட்டம்மையும் ரூபெல்லாவும் திரும்பி வர வழி செய்கிறார்கள்.

“ஸ்டெம்செல் போட்டால் குணமாகிவிடும்”

நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. இதற்காகப் பணம் திரட்டித் தருவது தொண்டாகாது. அந்தப் பணத்தில் பல வருடங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம்.

“அவனுக்கு ஒன்றும் புரியாது”

வாயில் எச்சில் வடிகிறது, பேச்சு குழறுகிறது என்பதாலேயே அறிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பலரின் அறிவுத்திறன் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். “பாவம், பெத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்களோ” என்று அந்தக் குழந்தையின் எதிரிலேயே பேசுகிறார்கள். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு வாய் தயிர்சாதம்

ஊட்டலாம் என்று பள்ளியில் அனுமதித்து, பயிற்சியும் கொடுத்தால், இப்படி ஊட்டுங்கள். குழந்தையைப் படுக்க வைத்தோ மடியில் சாய்த்தோ ஊட்டக் கூடாது. முதுகு நிமிர்ந்து, பாதம் பலகையில் பதிந்து, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி நாற்காலியில் உட்கார வையுங்கள். நீங்கள் எதிரே, அதன் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், அண்ணாந்தால் புரையேறும். நன்றாக மசித்த சாதம், சின்ன ஸ்பூனில் அரை ஸ்பூன். நேராகக் கொண்டுபோய் நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, ஸ்பூனை வெளியே எடுத்துவிடுங்கள். விழுங்கிவிட்டதா, வாய் காலியா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். இருமினாலோ, கண்ணில் நீர் வந்தாலோ, குரலில் ஈரக் கரகரப்பு கேட்டாலோ அதோடு நிறுத்திவிட்டு ஆசிரியரைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். ஒரு கிண்ணம் சாதத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த முக்கால் மணி நேரம்தான் நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி.

பரிசோதனைகள்

இந்தக் குழந்தைகளுக்குத் தேவைப்படக்கூடிய பரிசோதனைகள் இவை: காது, கண், தைராய்டு, இடுப்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ., மரபணுப் பரிசோதனை. எதெது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தன்னார்வலர் என்ன செய்யலாம்?

வருடத்துக்கு ஒரு நாள் வந்து விருந்து வைப்பதைவிட, வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் வருவது மேல். இந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்த முகமும் மாறாத நேரமும் முக்கியம். பழகியபின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் தவித்துப்போவார்கள்.

தேர்வு எழுதும் மாணவருக்கு, அவர் சொல்வதை எழுதிக்கொடுக்க ஆள் தேவை. சக்கர நாற்காலியைத் தள்ளவும், பயிற்சிக்கு அழைத்துச் சென்று திரும்பவும் ஆள் தேவை. தனித்துவ அடையாள அட்டைக்கும், தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. கணினியில் உட்கார்ந்து அதைச் செய்துகொடுங்கள். பள்ளியின் ஒப்புதலோடு, குழந்தையின் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்க வழி செய்யுங்கள். கூடப் பிறந்த குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள். அந்தக் குழந்தையை யாரும் கவனிப்பதே இல்லை.

எங்கே தொடங்குவது? பக்கத்திலுள்ள, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். சென்னையில் 1985 முதல் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனம் இயங்குகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது.

சில கட்டுப்பாடுகளைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உடை மாற்றுவதும் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் பள்ளி நியமித்தவரின் வேலை. பேச முடியாத குழந்தையால் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் மறைக்காமல் காவல்துறைக்கும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்றால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது உங்கள் கடமை. பெற்றோர் அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள், ரீல்ஸ் போடாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் வராதீர்கள். உங்களுக்கு இரண்டு நாள் ஜலதோஷமாக இருப்பது இவர்களுக்கு நிமோனியாவாகிவிடலாம்.

வருமுன் காப்போம்

எல்லாக் குறைபாட்டையும் தடுக்க முடியாது. ஆனால் தடுக்கக்கூடியதையும் கோட்டை விடுகிறோம் என்பதுதான் வேதனை. பெண் பிள்ளைகளுக்கு ரூபெல்லா தடுப்பூசி போடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் முடிந்திருந்தாலோ, குடும்பத்தில் ஏற்கெனவே குறைபாடுள்ள குழந்தை இருந்தாலோ மரபியல் ஆலோசனை பெறுங்கள். பிரசவத்தை மருத்துவமனையில் பாருங்கள். பச்சிளங்குழந்தையின் உடல் மஞ்சளாக இருந்தால் “வெயிலில் காட்டினால் போதும்” என்று இருந்துவிடாதீர்கள். மஞ்சள் காமாலை கூடினால் மூளையைத் தாக்கும்.

சிறப்புப் பள்ளிக்கு வர நேரமில்லாதவர்களும் ஓர் உதவி செய்யலாம். உங்கள் தெருவில், உறவில் இருக்கும் குழந்தைகளைக் கவனியுங்கள். 4 மாதத்தில் கழுத்து நிற்கவில்லையா? 9 மாதத்தில் உட்காரவில்லையா? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒரு வயதுக்குள்ளாகவே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறதா? ஒன்றரை வயதில் நடக்கவில்லையா, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா? இவற்றில் எது இருந்தாலும், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பெற்றோரின் பயத்தைப் புரிந்துகொண்டு, பக்குவமாகப் பேசி, முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.

நான்கு மாதத்தில் வரும் குழந்தைக்குச் செய்ய முடிகிற பலவற்றை நான்கு வயதில் வரும் குழந்தைக்குச் செய்ய முடிவதில்லை. யாரோ ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் வந்திருப்போம் என்று எத்தனையோ பெற்றோர் எங்களிடம் அழுகிறார்கள். அந்த யாரோ ஒருவராக தயவுசெய்து நீங்கள் இருங்கள்.