கடுக்காய்த் தண்ணீரில் எழுந்த வீடு

சிமென்டுக்கு அரசு பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் மனுப் போட்டுவிட்டு மூட்டைக்குக் காத்துக் கிடந்தார்கள். 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. முழுக்க நீங்க 1989 ஆயிற்று. எங்கள் அப்பா வானம் தோண்டியதோ 1981-ல்.

பாளையங்கோட்டையில் ஒண்டுக்குடித்தனம் இருந்த எங்களுக்கு அதுதான் முதல் சொந்த வீடு. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில், ஆச்சியின் ஓலைவீடு நின்ற மனையிலேயே கட்டினோம். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் கள்ள மார்க்கெட் சிமென்டை அப்பா நினைத்தும் பார்க்க முடியாது. கொத்தனார் ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார்: “சுண்ணாம்பு இருக்கும்போது சிமிட்டிக்கு எதுக்கு சார்வாள் அலையுதிய?”

பர்மிட்டில் கிடைத்த கொஞ்ச மூட்டையை ஜன்னல், வாசல் மேலே போடும் லிண்டலுக்கு ஒதுக்கினார்கள். சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வண்டியில் வந்து இறங்கியது. நீற்றும்போது தொட்டியில் தண்ணீர் குபுகுபுவெனக் கொதிக்கும். கிட்டே போனால் அடி விழும். மனையோரம் வட்டமாக வெட்டிய வாய்க்காலில் மாடு கல்லுருளையை இழுத்துச் சுற்ற, சுண்ணாம்பும் மணலும் அரைபட்டன. தட்டிய கடுக்காயையும் கருப்பட்டியையும் பானையில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அரைப்பார்கள். துவர்ப்பும் இனிப்பும் புளித்துக் கலந்த ஒரு வாடை தெரு முழுக்க அடிக்கும். பானைக்குப் போகும் வழியில் கருப்பட்டி கொஞ்சம் எங்கள் வாய்க்குள் போனது ஆச்சிக்குத் தெரியும், கேட்டதில்லை.

அரைத்த காரையைக் கொத்தனார் கரணையில் அள்ளித் தலைகீழாகக் கவிழ்ப்பார். விழாமல் ஒட்டி நின்றால்தான் சட்டியில் எடுக்கச் சொல்வார். விழுந்தால் மாடு இன்னும் சுற்ற வேண்டும்.

சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்பு அப்படியில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாகும். அப்பா அவசரப்பட்டபோதெல்லாம் ஆச்சி சொல்வாள்: “காத்தக் குடிச்சாத்தாம்ல செவரு நிக்கும்.” ரசாயனம் படிக்காமலே சரியாகத்தான் சொன்னாள்.

அந்த நிதானம் எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சனி, ஞாயிறு பஸ் ஏறிப்போய் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு சுவரை நனைப்போம். செங்கல் இரண்டைத் தட்டி, கணீரென்று கேட்காததை ஒதுக்கி வைப்பது தம்பியின் வேலை. வேலையாட்களுக்கு அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுப்பாள். அடுக்களை ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவளும் ஆச்சியும் பேசிப் பேசி, மாமியார் மருமகள் என்பதே மறந்து சிநேகிதிகள் ஆனார்கள். சுவர் ஏறுமுன் பேசி முடிக்க அவகாசம் இருந்தது.

வேப்பமரத்தில் ஆசாரி இழைத்த நிலைக்கு மஞ்சள் பூசி, நவதானியம் முடிந்து கட்டி, நல்ல நேரத்தில் நிறுத்தினார்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி, துண்டு. கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை. மேலே மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் எங்கள் ஊர் வரை பெயரோடு வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் மேடாக இருந்த ஆலை முத்திரையை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படித்தபடிதான் ஓடுகளைக் கைமாற்றிக் கொடுத்தோம்.

போன வருஷம் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடலாம் என்றார்கள். தம்பி மறுத்துவிட்டான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சோடு செங்கல்லையும் அரித்துவிடும். காரைவீட்டில் கைப்பழக்கம் உள்ள கொத்தனாரைக் காரைக்குடியில் தேடிப் பிடித்தான். பூச்சு காய எத்தனை நாளாகும் என்று அவன் பிள்ளைகள் கேட்டார்கள். லீவு முடியும்வரை ஆகும் என்றதும் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.