ஆசனம் ஒன்று, மூட்டுகள் வேறு

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே ஆசிரியர் தம் வாழ்நாளில் இரண்டு விதமாக யோகம் கற்பித்தார். 1933 முதல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது துள்ளலும் வேகமும் கொண்ட கடும் பயிற்சி. 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தபின், மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பாடம் சொன்ன காலத்திலிருந்து, அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகளும் வயதானவர்களும் அதிகம். அவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பார்த்து, ஆளுக்கேற்ற பயிற்சியை வகுத்தார். 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் நிறுவி, இன்று மந்தைவெளியில் இயங்கும் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. முடியாதவர்களுக்காகச் செய்துகொண்ட சமரசம் என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. முதுகும் தோளும் கழுத்தும் படைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஆளுக்கேற்ற ஆசனம்தான் இயல்பான வழி. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் மொட்டைமாடியிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் வகுப்புகளில் முப்பது பேரும் ஒரே கோணத்துக்கு வந்தாக வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

முதலில் இடுப்புக்கு மேலே இருக்கும் முதுகைப் பார்ப்போம். நம் முதுகெலும்பில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, அடிமுதுகில் 5. அடிமுதுகில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் ஒரு டிஸ்க், பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மூட்டுகள். டிஸ்க்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு அசையலாம் என்பதை முடிவுசெய்வதோ பெரும்பாலும் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன மூட்டுகள். அடிமுதுகில் அவை கதவுக் கீல் மாதிரி. குனியலாம், நிமிரலாம், திரும்ப மட்டும் விடாது. ஒவ்வொரு அடுக்கிலும் கிடைக்கும் திருப்பம் இரண்டு மூன்று டிகிரிதான். மார்புக்குப் பின்னால் இதே மூட்டுகளின் முகம் வேறு திசையில் அமைந்திருப்பதால் அங்கே தாராளமாகத் திரும்பலாம். அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் “இடுப்பிலிருந்து திருகுங்கள்” என்று சொல்லும்போது, மடித்த கால்கள் இடுப்பெலும்பை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. கையோ முழங்காலை நெம்புகோலாக்கி இழுக்கிறது. அந்த விசை டிஸ்க்கின் வெளிவளையத்தில் போய் இறங்குகிறது. அந்த வளையம் அடுக்கடுக்கான நார்களால் ஆனது. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாயும். திருகும்போது ஒரு திசை நார்கள் மட்டுமே இறுகும், மற்றவை தளர்ந்துவிடும். அதாவது சுமையைத் தாங்குவது பாதி நார்கள். குனிந்தபடியே திருகினால் நிலைமை இன்னும் மோசம். இதற்கு மேல், இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே சாய்வில் அமையாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு பக்கம் எளிதாகத் திரும்பும், மறுபக்கம் முட்டும். அதைச் சோம்பல் என்றோ இறுக்கம் என்றோ சொல்லி அழுத்தினால் எலும்பின் வடிவம் மாறிவிடாது.

தோளில் இன்னும் நுட்பமான ஏற்பாடு. கையை உடலின் மையத்தோடு எலும்பாக இணைப்பது ஒரே இடம்: காறை எலும்பு மார்பெலும்பில் வந்து சேரும் அந்தச் சின்ன மூட்டு. மற்றபடி தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் தசைகளின் பிடியில் சறுக்கிக்கொண்டிருக்கிறது. கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 120 டிகிரி புய எலும்பின் பந்து தன் குழியில் சுழல்வதால் கிடைக்கிறது. மீதி 60, தோள்பட்டை எலும்பே மேல்நோக்கித் திரும்புவதால். அது திரும்பும்போது, அதையும் காறை எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட் விறைத்து, காறை எலும்பைப் பின்பக்கமாக உருட்டுகிறது. ஒரு கை விரலை மறுபக்கக் காறை எலும்பின் மேல் வைத்துக்கொண்டு அந்த மறுபக்கக் கையை மெல்லத் தூக்கினால் இந்த அசைவை நீங்களே உணரலாம். கடைசிச் சில டிகிரிகளுக்கு மேல்முதுகும் நிமிர்ந்து கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கணினி முன் உட்கார்ந்து மேல்முதுகு கூன் விழுந்தவருக்கு அந்தச் சில டிகிரி கிடைக்காது. ஆசிரியர் “காதோடு கை ஒட்டட்டும்” என்கிறார், அவரும் ஒட்டவைத்துவிடுகிறார். எப்படி? அடிமுதுகை வளைத்து, விலாவை முன்னே தள்ளி. பார்ப்பதற்கு ஆசனம் சரியாக இருக்கிறது; விலை கொடுத்தது அடிமுதுகு. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ இன்னொரு வகைச் சிக்கல். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிப்போயிருக்கும். வலி மிகுந்த கட்டத்தில் அதை இழுத்து நீட்டப் பார்ப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

“பயிற்சி செய்யச் செய்ய உடம்பு வளைந்து கொடுக்கும், முதலில் வலிக்கத்தான் செய்யும்” என்பது வழக்கமான பதில். இதில் பாதி உண்மை. தசை நீளப் பழகும். இழுவிசையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலமும் பழகும். நாள்படக் கிடைக்கும் நெகிழ்ச்சியில் பெரும்பங்கு இவற்றுடையது. லிகமென்ட் அப்படிப்பட்டதல்ல. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் அது பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது. தன் நீளத்தில் நான்கு சதவீதம் போல இழுபட்டதுமே நுண்ணிய இழைகள் அறத் தொடங்கும். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், சில நேரம் ஒரு வருடம்கூட. நீண்டு தளர்ந்த லிகமென்ட் மூட்டைக் கட்டிவைக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. அந்தச் சுமை தசைகள் மேல் விழும். முதுகெலும்பின் பின்புற வளைவுகளை இணைக்கும் மஞ்சள் லிகமென்ட் ஒரு விதிவிலக்கு. அதில் பெரும்பகுதி எலாஸ்டின் என்பதால் நீண்டு சுருங்கும். இயற்கை நெகிழ்ச்சி தேவைப்பட்ட இடத்தில் அதற்கேற்ற பொருளை வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் வைக்கவில்லை. பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக உள்ளவர்களைத்தான் வகுப்பில் எல்லோரும் மெச்சுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேவை இன்னும் வளைவதல்ல, வலு.

“நம் பெரியவர்கள் சிரசாசனம் செய்யவில்லையா?” என்ற கேள்வியும் வரும். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கழுத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். தலையின் எடை நான்கரை முதல் ஐந்து கிலோ. கழுத்தெலும்புகள் அன்றாடம் தாங்கப் பழகியது அந்த அளவைத்தான். அமெரிக்காவில் அனுபவம் உள்ளவர்களைச் சிரசாசனத்தில் நிறுத்தி அளந்தபோது, தலையில் இறங்கிய விசை உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை இருந்தது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது குறைந்தது 24 கிலோ. கழுத்தின் திருப்பத்தில் பாதியைத் தருவது மேலிருக்கும் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு. அங்கே டிஸ்க்கே கிடையாது, எல்லாமே லிகமென்ட்களின் பிடி. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அந்தப் பிடி தளர்ந்திருக்கக்கூடும். இளமையில் தொடங்கி, தோளிலும் முன்கையிலும் எடையை வாங்கப் பழகியவரின் சிரசாசனமும், ஐம்பது வயதில் கழுத்து எலும்பு தேய்மானத்தோடு வகுப்பில் சேர்ந்தவரின் சிரசாசனமும் பெயரில் மட்டுமே ஒன்று. கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவரான பி.கே.எஸ். அய்யங்கார் கட்டை, கயிறு, பெல்ட் என்று துணைக்கருவிகளைப் பெருக்கியதும் இதே உண்மையை வேறு வழியில் ஒப்புக்கொண்டதுதான்.

இவ்வளவு ஆபத்து என்றால் சும்மா இருந்துவிடலாமே என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மூட்டுக் குருத்தெலும்புக்கும் டிஸ்க்கின் நடுப்பகுதிக்கும் ரத்தக்குழாய் கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து கசிந்து வருவதே அவற்றின் உணவு. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், ரத்தத்தில் செலுத்திய சாயப்பொருள் டிஸ்க்குக்குள் எப்படிப் போகிறது என்று அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ. படங்களால் தொடர்ந்து பார்த்தார்கள். அது மெதுவாக, மணிக்கணக்கில் ஊறிச் சேர்வதும், டிஸ்க்குக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தட்டு அதை ஒழுங்குபடுத்துவதும் தெரிந்தன. 2004இல் அந்த ஆய்வுக்கு உலக அளவிலான விருது கிடைத்தது. மூட்டுக்கும் அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வேண்டும். அசையாத மூட்டு இறுகும். கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தமக்கென்று வகுத்துக்கொண்டார். அப்போது அவர் அறுவைசிகிச்சையை மறுத்தது எல்லோருக்கும் உகந்த முடிவல்ல. இருக்கிற உடம்புக்கேற்ப அசைவை அமைத்துக்கொண்டது உகந்தது.

கடைசியாக, பணத்தைப் பற்றிய மறுப்பு. ஆளுக்கொரு ஆசிரியர் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. பூங்காவில் காசு வாங்காமல் நடக்கும் கூட்டு வகுப்புதான் பலருக்கு எட்டுகிறது. நியாயமான பேச்சு. ஆனால் கூட்டமாகச் செய்வது என்றால் ஒரே வடிவத்தில் செய்வது என்று அர்த்தமில்லை. குனியும்போது முழங்காலை மடித்துக்கொள்ளுங்கள், கையை வலி இல்லாத உயரத்தில் நிறுத்துங்கள், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று முப்பது பேருக்கும் சேர்த்தே சொல்லலாம்; ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. வகுப்பில் சேரும் நாளிலேயே உங்கள் கழுத்து, தோள், சர்க்கரை, பழைய அடி எல்லாவற்றையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளாமல் சர்வாங்காசனத்துக்கும் சிரசாசனத்துக்கும் அழைப்பவரிடம் அந்த இரண்டையும் செய்யாதீர்கள். கையிலோ காலிலோ மரத்துப்போவது, மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுப்பது, பிடி தளர்வது ஆகியவை தெரிந்தால் பாயைச் சுருட்டிவிட்டு எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ போய்ப் பாருங்கள்.