முதல் ஆண்டின் முதல் பொம்மை



பிள்ளை பிறந்த வீட்டிற்குச் செல்பவர்கள் வெறுங்கையோடு செல்வதில்லை. பாட்டுப் பாடும் பொம்மை, விளக்கு மின்னும் கார் என்று வாங்கிச் செல்கிறோம். குழந்தை அதைச் சற்று நேரம் பார்க்கும். பிறகு தாயின் முகத்தைத் தேடும். முதல் ஆண்டில் குழந்தைக்கு வேண்டியது விலை உயர்ந்த பொம்மை அல்ல. கைக்கும் வாய்க்கும் தீங்கு செய்யாத சில எளிய பொருள்களும், கூட விளையாட ஓர் ஆளும் போதும்.

விளையாட்டுப் பொருள்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. தாயில்பட்டிக்கு அருகில் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் பொம்மைகளும் சில்லு வட்டுகளும் கிடைத்தன. பிள்ளைகளின் விளையாட்டுக்கு அன்றும் மண்ணே போதுமானதாக இருந்தது.

எந்த மாதத்தில் எதைக் கொடுக்கலாம்?

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அதுதான். எனவே முதல் மூன்று மாதங்களுக்கு உங்கள் முகமே பொம்மை, தாலாட்டே இசை.

மூன்று மாதத்திற்குப் பின் கை பொருளைப் பற்றத் தொடங்கும். கிலுகிலுப்பை இதற்கு ஏற்றது. 'நான் ஆட்டினால் சத்தம் வருகிறது' என்பது குழந்தை கற்கும் பெரிய பாடம். பனையோலைக் கிலுகிலுப்பையைப் பெரியவர்கள் ஆட்டிக் காட்டலாம். குழந்தை கடித்தால் ஓலை பிரிந்து உள்ளிருக்கும் கல் வெளியே வரும். அதன் கையில் கொடுப்பது பிரியாததாக இருக்கட்டும்.

ஆறு மாதத்திற்குப் பின் உட்காரும் குழந்தைக்கு எவர்சில்வர் கிண்ணமும் மரக்கரண்டியும் போதும். கிண்ணத்தைத் துண்டால் மூடிவிட்டுத் தேடச் சொல்லுங்கள். கண்ணுக்கு மறைந்தது இல்லாமல் போய்விடவில்லை என்று அது மெல்ல அறிந்துகொள்ளும்.

ஒன்பது மாதத்தில் பொருளைக் கீழே போட்டுப் போட்டுப் பார்க்கும். அது குறும்பு அல்ல, ஆராய்ச்சி. ஒரு டப்பாவில் துணிப்பந்துகளைப் போட்டு எடுக்கப் பழக்குங்கள். பிடித்து நின்று அடியெடுத்து வைக்கும்போது, நீங்கள் அருகிலிருக்க, மர நடைவண்டியைத் தள்ளலாம். உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர் வேண்டாம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துகளுக்குக் காரணமாகிறது. கனடா நாடு 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வாய்க்குள் முழுதாகப் போகும் பொருள் எதுவும் வேண்டாம். சாயம் ஒட்டும் பொம்மை வேண்டாம். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை வேண்டாம். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள்.

நம் பகுதிக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காலித் தீப்பெட்டி, காகிதக் குழாய், மினுமினுக்கும் லேபிள் ஆகியவை நம் வீடுகளில் எளிதாகக் கைக்குக் கிடைக்கின்றன. குழந்தை அழுதால் அவற்றையே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ் கலந்த மருந்து. குழந்தைக்கோ எல்லாம் வாய்க்குத்தான் போகும். கருந்திரியும் வெடிமருந்தும் வீட்டிற்குள் வரவே கூடாது. 2021 ஜூனில் நம் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் நேர்ந்த வெடிவிபத்தில் உயிர்கள் பறிபோனதை நாம் மறக்க முடியுமா? ஆலையிலிருந்து திரும்பியதும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். உங்கள் சட்டையும் சேலையும் அதற்கு விளையாட்டுப் பொருளே.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அழுகையை நிறுத்தச் செல்போனைக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியுள்ளது. நீங்கள் சொல்லும் 'சாய்ந்தாடு', 'கை வீசு' ஆகியவற்றிற்கு இணையான பொம்மை எந்தக் கடையிலும் இல்லை.

நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருகிறீர்கள் என்பது தெரியும். ஆயினும் இன்று இரவு பத்து நிமிடம் பாயில் உட்காருங்கள். ஒரு கிண்ணம், ஒரு துண்டு, உங்கள் முகம். பிள்ளைக்கு அது போதும்.